கேள்வி பதில்: மாதாட கழுத்து ஏன் இவ்வளவு நீளம்?

கேள்வி: மகள் ஏ.எல்லுக்கு சித்திரம் எடுத்திருக்கா. அவட புத்தகத்தில 'நீண்ட கழுத்து மாதா' எண்டு ஒரு படம். கழுத்து, விரல் எல்லாம் அளவில்லாம நீளம், புள்ள மடியில இருந்து வழுகி விழுந்திருவான் போல இருக்கு. கீறத் தெரியாமத்தான் இப்படி வந்ததா? இது மனரிசம் எண்ட பாணியாம், கட்டடத்திலயும் அது இருக்காமே?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: இல்லம்மா, நல்லாக் கீறத் தெரிஞ்ச கைதான் அது. கீறினவர் இத்தாலி ஓவியர் பார்மிஜானினோ. 1524 அளவில, 21 வயசுப் பொடியனா இருக்கக்குள்ள, குவிவுக் கண்ணாடியில தெரியிற தன்ட உருவத்தக் கீறினவர், கண்ணாடிக்குக் கிட்ட இருக்கிற கை முகத்த விடப் பெருசாத் தெரியும் பாருங்க, அதைக்கூட பிசகில்லாமக் கீறி வெச்சிருக்கார். அவருக்கா கழுத்துட அளவு தெரியாது!

அவருக்கு முந்தின பெரிய ஓவியர் ரஃபாயேல் 1520ல செத்துப்போனார். உடம்பு அளவு, தூரம், வெளிச்சம் எண்டு எல்லாத்தையும் அவரும் லியனார்டோவும் மைக்கலாஞ்சலோவும் செஞ்சு காட்டிட்டாங்க, பிறகு வந்தவங்க அதையே திரும்பக் கீறாம உடம்ப நீட்டி முறுக்கி கலர மாத்தி வேற வழியில போனாங்க, அந்த வழிதான் மனரிசம். கூத்துக் களரியில ராசா வரவு ஆடி வாறதப் பாத்திட்டு இப்படி ஆராவது நடப்பாங்களா எண்டு நாம கேக்கிறமா? அந்தக் கழுத்தையும் அப்படித்தான் பாக்கணும்.

மகள படத்திட வலப்பக்கக் கீழ் மூலையப் பாக்கச் சொல்லுங்க. சுருள் பிடிச்சிக்கு ஒரு சின்ன மனிசன் நிப்பார், அவருக்குப் பக்கத்தில உடம்பில்லாத பாதம் ஒண்டு தெரியும், ஏனெண்டா படம் முடியல்ல. 1534ல ஒப்புக்கொண்ட வேலை, 1540ல 37 வயசில அவர் இறந்திட்டார். விதி குறுக்க வந்ததால முடிக்க ஏலாமப் போச்சு எண்டு படத்திலயே லத்தீன்ல எழுதியிருக்கு.

கட்டடத்திலயும் இருக்கு. ரஃபாயேல்ட மாணவர் ஜூலியோ ரோமானோ மாந்துவா ஊரில கட்டின பலாட்சோ தே மாளிகைட முற்றத்தில நிண்டு மேல பாத்தா, தூணுக்கு மேல வரிசையா வாற மூண்டு வரிக் கட்டைகள்ல இடைக்கிடை ஒண்டு கழண்டு கீழ இறங்கின மாதிரி இருக்கும். கட்டடம் இடியுதோ எண்டு பயம் வரும், ஆனா வேணுமெண்டே அப்படி வெச்சது. பாரமான கல்லுப் போலத் தெரியிறதும் செங்கல்லும் சாந்தும்தான்.

எனக்கு ஆகப் பிடிச்சது இது ரெண்டும் இல்ல, ஃபுளோரன்ஸ்ல சாந்தா ஃபெலிச்சித்தா கோயில்ல இருக்கிற பொந்தோர்மோட படம், 1525-28ல கீறினது. இயேசுட உடம்பத் தூக்கிட்டுப் போறாங்க, சிலுவையே இல்ல, எல்லாம் ரோசாவும் நீலமும், முன்னால குந்தியிருக்கிறவன் அந்தப் பாரத்தோட நுனிக்கால்ல நிக்கிறான். மகள் அதையும் கட்டாயம் பாக்கட்டும்.