மூன்று முறை தோற்ற டாக்டர்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்க டாக்டர் கிளெண்டா கிரே பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். மரியாதை வந்தது, கூடவே ஒரு சந்தேகமும். முப்பது வருடமாக எச்.ஐ.வி.யோடு மல்லுக்கட்டியிருக்கிறார். நீங்கள் எழுதிய மூன்று தடுப்பூசி டிரையல்களும் (மனிதர்களிடம் போட்டுப் பார்க்கும் சோதனைகள்) தோல்வி. இப்போதோ ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போட்டால் எச்.ஐ.வி. வராது என்று செய்தி வருகிறது. அப்படியானால் அந்த உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்தானே? சும்மா கேட்கவில்லை. என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாள். பி.ஜி. வேண்டாம், கிளினிக்கல் டிரையல் பக்கம் போகிறேன் என்கிறாள். "மனுஷனைச் சோதனை எலியாக்குற வேலை" என்கிறார் என் அண்ணன். என்ன சொல்லட்டும்?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ஆறு மாத ஊசியைப் பார்த்துவிடுவோம். அதன் பெயர் லெனகாபவிர். 2024-ல் முடிவு வெளியான டிரையலில், தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலுமாக அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. பிரமாதமான விஷயம்தான். ஆனால் அது தடுப்பூசி இல்லை, மருந்து. தடுப்பூசி உடம்புக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இது உடம்பில் இருக்கிறவரைதான் காவல். ஆபத்து இருக்கிற காலம் முழுக்க வருடத்துக்கு இரண்டு தடவை போட்டாக வேண்டும். அதற்கு யார் காசு கொடுப்பது, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டியிருக்கும் சொவெட்டோவின் கடைசித் தெரு வரைக்கும் யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. அதனால் தடுப்பூசி தேடுகிறவர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

அப்புறம் அந்தத் "தோல்வி". உங்கள் மேல் தப்பில்லை, என் குறிப்பில் நானே அந்தச் சொல்லைத்தான் போட்டிருந்தேன். இப்போது கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் டிரையலின் பெயர் பாம்பிலி. "முன்னோக்கி" என்று அர்த்தம். 2007 ஜனவரியில் தொடங்கியது. 3,000 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். அதே ஊசியை அமெரிக்கக் கண்டங்களிலும் ஆஸ்திரேலியாவிலும் ஸ்டெப் என்ற பெயரில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ஸ்டெப் கணக்கைப் பார்த்தபோது ஊசி வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. பாம்பிலியையும் உடனே நிறுத்தினார்கள். அதற்குள் 801 பேர் சேர்ந்திருந்தார்கள். உங்களுக்குப் போட்டது தடுப்பூசி, உங்களுக்குப் போட்டது வெற்றூசி என்று அவர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லியாக வேண்டிய நிலை. (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போடும், உள்ளே சரக்கே இல்லாத ஊசியான பிளசிபோவை நான் வெற்றூசி என்று எழுதுவதைப் பார்த்து ஒரு டாக்டர் நண்பர் சிரித்தார். சிரிக்கட்டும்.)

விஷயம் அதோடு முடியவில்லை. அவர்களை விட்டுவிடாமல் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்குத்தான் தொற்று அதிகமாக வந்திருந்தது. அந்த ஊசியில் இருந்தது வைரஸின் மூன்று மரபணுக்கள் மட்டும். அதனால் ஊசியே எச்.ஐ.வி.யைத் தந்திருக்க வழியில்லை. ஆனாலும் அந்த எண்கள் அங்கே இருந்தன. 2014-ல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டபோது முதல் பெயர் கிளெண்டா கிரேயுடையது. நான் மக்களுக்குப் போட்ட ஊசி அவர்களுக்குக் கெடுதல் செய்திருக்கலாம் என்று தன் பெயரைப் போட்டு உலகத்துக்குச் சொல்வது லேசான காரியமா? அவருக்குக் கிடைத்த விருதுகளை விட எனக்கு இந்தக் கட்டுரைதான் பெரிதாகப் படுகிறது.

இரண்டாவது உஹாம்போ. 2016-ல் ஆரம்பம், 5,400 பேருக்கு மேல். இதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது. தாய்லாந்தில் 16,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஒரு டிரையலில் தொற்று 31 சதவீதம் குறைந்ததாக 2009-ல் தெரிந்தது. எச்.ஐ.வி. தடுப்பூசி வரலாற்றில் கொஞ்சமாவது வேலை செய்த முதல் ஊசி அது. அதைத் தெற்கு ஆப்பிரிக்காவில் பரவும் சி வகை வைரஸுக்கு ஏற்ப மாற்றிக் கொண்டுவந்தார்கள். 2020 தொடக்கத்தில், டிரையலை வெளியிலிருந்து கண்காணிக்கும் தனிக்குழு கணக்கைத் திறந்து பார்த்தது. ஊசி போட்டவர்களில் 129 பேருக்குத் தொற்று, வெற்றூசிக்காரர்களில் 123 பேருக்கு. இதற்கு மேல் நடத்தி என்ன பயன்? நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் அண்ணனுக்குப் பதில் இந்த எண்களுக்குள்தான் இருக்கிறது. டிரையலில் சேர்ந்தவர்களுக்கு ஆணுறை கொடுக்கிறார்கள், ஆலோசனை சொல்கிறார்கள், தொற்று வராமலிருக்க தினசரிப் போடும் மாத்திரைக்கும் வழி செய்கிறார்கள். டாக்டர் என்ற முறையில் ஒருவருக்கும் தொற்று வரக்கூடாது என்று பாடுபட வேண்டும். ஆனால் யாருக்குமே வராவிட்டால் ஊசி வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு விடையே வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் அவர்கள் வேலை செய்கிறார்கள். யார் எந்த ஊசி போட்டுக்கொண்டார் என்பதும் டாக்டருக்குத் தெரியாது. கணக்கை நடுவில் பார்க்கும் உரிமை அந்தத் தனிக்குழுவுக்கு மட்டும்தான். நடத்துகிறவருக்கு ஆசை இருக்கும் என்று தெரிந்தே இப்படிக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

சோதனை எலிக்கு யாரும் படிவம் வாசித்துக் காட்டுவதில்லை. எலி நாளைக்கு வரமாட்டேன் என்று சொல்லவும் முடியாது. இந்த மனிதர்களால் முடியும். அதே சமயம் உங்கள் அண்ணன் பயப்படுவதில் அர்த்தமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஒரு உதாரணம். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) உண்டாக்கினால், அதைத் தேடும் சாதாரண எலிசா ரத்தப் பரிசோதனை அதைப் பார்த்துவிட்டு "பாசிட்டிவ்" என்று சொல்லிவிடும். தொற்றே இருக்காது, ஆனால் வேலைக்கோ இன்சூரன்ஸுக்கோ ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அதற்கென்று வேறு பரிசோதனை இருக்கிறது. டிரையல் முடிந்து பல வருடம் ஆனாலும் அதைச் செய்து கொடுக்க ஆள் இருக்க வேண்டும். ஒரு டிரையல் நல்லதா என்று தெரிய வேண்டுமானால், ஊசி போட்ட அன்றைக்குப் போய்ப் பார்ப்பதை விட பத்து வருடம் கழித்துப் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கலாம்.

மூன்றாவது இம்போகோடோ. ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் 2,600 இளம்பெண்கள். பெயருக்குப் பாறை என்று அர்த்தம். 1956-ல் நிறவெறிச் சட்டத்தை எதிர்த்துப் பிரிட்டோரியாவுக்குப் போன பெண்கள், பெண்ணை அடித்தால் பாறையை அடிக்கிறாய் என்று பாடினார்களே, அந்தப் பாறை. 2021 ஆகஸ்டில் முடிவு வந்தது: தொற்று குறைந்தது 25 சதவீதம்தான், அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவில்தான். இங்கே ஒரு வேடிக்கை. அந்த ஊசியைச் சுமந்து செல்லும் வண்டி ஏ.டி.26 என்ற வைரஸ். அதே வண்டியில் கொரோனாவுக்கான சரக்கை ஏற்றியதுதான் ஜான்சன் அண்ட் ஜான்சன் தடுப்பூசி. 2021 பிப்ரவரியில், நாட்டில் இன்னும் உரிமம் கிடைக்காத நிலையில், சிசோன்கே என்ற ஆய்வாக அதைத் தென்னாப்பிரிக்க மருத்துவப் பணியாளர்களுக்குப் போட ஆரம்பித்தார்கள். கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர். முன்னால் நின்றவர்களில் கிளெண்டா கிரேயும் ஒருவர். எச்.ஐ.வி. டிரையல்களில் பழகிய கைகள் இல்லாமல் அது அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது.

சரி, உங்கள் மகள் விஷயம். கிளெண்டா கிரே டிரையலில் இருந்து தொடங்கியவர் இல்லை. அவர் குழந்தை மருத்துவர். சொவெட்டோவில் பரக்வநாத் என்று ஒரு பிரம்மாண்டமான ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே பிரசவத்துக்கு வந்த தாய்மாரிடமிருந்து குழந்தைகளுக்குத் தொற்று போவதைப் பார்த்துத்தான் 1996-ல் ஜேம்ஸ் மெக்கின்டயரோடு சேர்ந்து ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். பிரசவ வலியின்போது தாய்க்கு ஒரு நெவிராபின் மாத்திரை, பிறந்த குழந்தைக்குக் கொஞ்சம் சிரப், இவ்வளவு போதும், தொற்று கணிசமாகக் குறையும். எச்.ஐ.வி.யால்தான் எய்ட்ஸ் வருகிறதா என்றே அதிபர் தபோ எம்பெக்கி சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மருந்தை எல்லா அரசு ஆஸ்பத்திரிகளிலும் கொடு என்று 2002-ல் அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. அவரைத் தடுப்பூசிப் பக்கம் தள்ளியது அந்த வார்டுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே பி.ஜி. வேண்டாம் என்று உங்கள் மகள் சொல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். குழந்தை மருத்துவமோ சமூக மருத்துவமோ, ஏதோ ஒன்றில் முதலில் நோயாளிகளோடு இருக்கட்டும். சம்பளம், நிதி பற்றியும் கண்ணைத் திறந்துகொண்டு போகட்டும். ஆப்பிரிக்க விஞ்ஞானிகளே தலைமை தாங்கும் ஒரு தடுப்பூசித் திட்டத்தை கிளெண்டா கிரே கட்டியெழுப்பியிருந்தார். முதல் டிரையல் தொடங்கும் தறுவாயில், 2025 தொடக்கத்தில், அமெரிக்க நிதி நின்றுபோனது. இந்த வேலையில் வைரஸ் மட்டும் எதிரி இல்லை.

ஒரு யோசனை. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2006-லேயே ஓர் எச்.ஐ.வி. தடுப்பூசியின் முதல்கட்ட டிரையல் நடந்திருக்கிறது. நம்மூர்க்காரர்கள் அந்த ஊசிக்குக் கை நீட்டியிருக்கிறார்கள். மகளிடம் அதைச் சொல்லுங்கள். முடிந்தால், டிரையல் நடக்கும் ஏதாவது ஓரிடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒப்புதல் படிவத்தை ஒருவருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் அண்ணன் கேட்பதை எல்லாம் அங்கே வருகிறவர்களும் கேட்பார்கள். அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல அவளுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வரட்டும்.

அன்புடன்