டார்ச்சில் செல்லைத் திருப்பிப் போட்டாலும் டிரைவர் கருகாமல் இருக்க

ஒற்றை 18650 லித்தியம் செல், எல்இடிக்கு கரண்டை அளந்து கொடுக்கும் 1 ஆம்பியர் டிரைவர் சர்க்யூட், செல்லைத் திருப்பிப் போட்டதில் டிரைவர் ஐசி போய்விட்டது என்கிறீர்கள். கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்5819 டயோடு ஒன்றைத் தொடரில் போட்டால் காப்பாற்றும்தான். ஆனால் 1 ஆம்பியரில் அரை வோல்ட் அளவுக்கு அதுவே தின்றுவிடும், செல் 3.3 வோல்ட்டுக்கு இறங்கும்போது வெளிச்சம் மங்கும். எனக்கு அது பிடிக்காது.

பி-சேனல் மாஸ்ஃபெட் போடுங்கள்; டிரெயின், சோர்ஸ், கேட் என மூன்று கால்கள் கொண்ட மின்ஸ்விட்ச் அது, கேட்டில் வரும் வோல்ட்டேஜ்தான் அதைத் திறக்கும். ஏஓ3401 என்ற வகை போதும், இழப்பு 0.1 வோல்ட்டைத் தாண்டாது. செல்லின் பாசிட்டிவ் டிரெயினுக்கு, சோர்ஸ் டிரைவரின் பாசிட்டிவுக்கு, கேட் 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக நெகட்டிவுக்கு. பலரும் சறுக்குவது இங்கேதான்: வழக்கமான ஸ்விட்ச் போல சோர்ஸை செல் பக்கம் வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தால் செல் திரும்பும்போது மாஸ்ஃபெட்டுக்கு உள்ளேயே இருக்கும் டயோடு வழியாகவே கரண்ட் பாய்ந்துவிடும், பாதுகாப்பே இல்லை. ஐஆர்எஃப்9540 என்ற மாஸ்ஃபெட் வேண்டாம், 3 வோல்ட் கேட்டில் அது சரியாகத் திறக்காது.

டிரைவரை இணைக்கும் முன் சோர்ஸுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே 1 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்து, செல்லைத் திருப்பிப் போட்டு அந்த ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வோல்ட்டேஜை மீட்டரில் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும்.

செல்லில் பாசிட்டிவ் முனை புடைத்திருந்தால், பாசிட்டிவ் தொடர்பைச் சுற்றி 1 மி.மீ. உயர பிளாஸ்டிக் வளையம் ஒட்டுங்கள். தட்டையான நெகட்டிவ் முனை அந்தத் தொடர்பைத் தொடவே தொடாது.

பின்னால் மூன்று செல்களைத் தொடரில் வைத்து டார்ச் செய்தால் கவனம்: ஒன்று மட்டும் திரும்பியிருந்தால் மொத்த துருவம் சரியாகவே இருக்கும், மாஸ்ஃபெட் தடுக்காது. மற்ற இரண்டும் சேர்ந்து அந்த லித்தியம் செல்லை சார்ஜ் ஏற்றும்; அது தீப்பிடிக்கக்கூடிய நிலை. அங்கே ஒவ்வொரு செல்லின் பாசிட்டிவ் தொடர்பிலும் இந்த வளையம்தான் காவல்.