உறைபனி விழும் பகுதியில் வீட்டுத்தோட்டம்: நாற்று சாய்வதும் கறிவேப்பிலை இலை கொட்டுவதும் ஏன்?

கேள்வி: எங்கள் பகுதியில் மே மாத நடுப்பகுதி வரை உறைபனி விழும். அக்டோபர் தொடக்கத்தில் மறுபடியும் வந்துவிடும். பிப்ரவரி தொடக்கத்தில் வீட்டுக்குள் சன்னலோரம் தக்காளியும் மிளகாயும் விதைத்தேன். தக்காளி சீக்கிரம் முளைத்து, மெலிந்து நீண்டு சாய்ந்துவிட்டது. சில நாற்றுகள் அடித்தண்டு கறுத்து விழுந்தன. மிஞ்சியவற்றை மே கடைசியில் வெளியே நட்டேன். இரண்டே நாளில் இலைகள் வெளுத்துக் காய்ந்தன. மே தொடக்கத்தில் பாத்தியில் ஊன்றிய பீன்ஸ் முளைக்கவில்லை. தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலை குளிர்காலத்தில் இலை முழுவதையும் கொட்டிவிட்டது. வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஆண்டு முழுவதும் எதை எப்போது செய்வது?

பதில்: நீங்கள் சொன்னவற்றில் குளிர் நேரடியாகக் கெடுத்தது பீன்ஸை மட்டும்தான். மற்றவை எல்லாம் வெளிச்சக் குறைவாலும், வெளிச்சத்துக்குப் பொருந்தாத சூட்டாலும், அதிக ஈரத்தாலும், பழக்காமல் வெயிலில் வைத்ததாலும் வந்தவை. குளிர் பகுதியில் தோட்டம் போடுகிறவர்கள் உறைபனியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் வீட்டுக்குள் செடியைக் கொல்வது பெரும்பாலும் இருட்டும் ஈரமும்தான். ஆகவே குளிரோடு சேர்த்து வெளிச்சத்தையும் கணக்கில் வைத்தே பருவத் திட்டம் போட வேண்டும்.

முதலில் விதைக்கும் நாள். உங்கள் பகுதியின் கடைசி உறைபனி நாளை மே 15 என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாய்க்கும் கத்தரிக்கும் 8 முதல் 10 வாரம், அதாவது மார்ச் முதல் பாதி. தக்காளிக்கு 6 முதல் 8 வாரம், அதாவது மார்ச் பின்பாதி. வெள்ளரி, பூசணி வகைகளுக்கு 3 வாரமே போதும். அவற்றின் வேரைத் தொந்தரவு செய்தால் பிடிக்காது, முன்கூட்டி விதைத்துப் பயனில்லை. நீங்கள் தக்காளியை 14 வாரம் முன்பே விதைத்திருக்கிறீர்கள். அந்தப் பருவத்தில் பகல் குறுகியது, சன்னல் வழியாக வரும் வெளிச்சமும் பலவீனமானது. வீடோ 22 டிகிரி சூட்டில் இருக்கும். சூடு வளரச் சொல்கிறது, வளர்வதற்கான உணவைத் தயாரிக்க வெளிச்சம் இல்லை. அதனால் தண்டு வெளிச்சத்தைத் தேடி நீள்கிறது, தடிப்பதில்லை.

முளைப்பதற்கு ஒரு வெப்பநிலை, முளைத்தபின் வேறு ஒரு வெப்பநிலை என்பதை மனத்தில் வையுங்கள். மிளகாய் விதைக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் தேவை. அந்தச் சூட்டில் ஒன்று, இரண்டு வாரத்தில் முளைக்கும். 18 டிகிரிக்குக் கீழே மூன்று வாரம் கடந்தும் கிடக்கும், பாதி அழுகிப்போகும். தக்காளிக்கு 20 முதல் 27 டிகிரி சரி. குழித்தட்டின் அடியில் வெப்பப் பாய் வைத்தால் இது எளிது. முளை தெரிந்ததும் அன்றே பாயை எடுத்துவிட்டு, மூடியையும் அகற்றி, விளக்கின் கீழ் வையுங்கள். அதன்பின் பகலில் 18 முதல் 20, இரவில் 15 அல்லது 16 டிகிரி இருந்தால் நாற்று குட்டையாக, தடிப்பாக வளரும்.

விளக்குக்கு விலையுயர்ந்த ஊதா நிற விளக்கு வேண்டாம். சாதாரண வெள்ளை எல்இடி குழல் விளக்குகள் இரண்டை அருகருகே தொங்கவிட்டால் நாற்றுப் பருவத்துக்குப் போதும். இலை நுனிக்கு மேல் 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், செடி வளர வளர விளக்கை உயர்த்துங்கள். தூரம் கூடினால் வெளிச்சம் வேகமாகக் குறையும். அறை உச்சியில் எரியும் விளக்கு நாற்றுக்குக் கிட்டத்தட்ட உதவாததற்குக் காரணம் இதுதான். தினமும் 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும். இரவில் அணைத்தே ஆக வேண்டும். தக்காளிக்கு இடைவிடாத வெளிச்சம் கொடுத்தால் இலை மஞ்சளாகும்.

அடித்தண்டு கறுத்து விழுந்தது நாற்றழுகல் நோய். ரைசோக்டோனியா போன்ற பூஞ்சைகளும், பித்தியம் போன்ற பூஞ்சையை ஒத்த நுண்ணுயிரிகளும் செய்யும் வேலை. விழுந்த நாற்றை எந்த மருந்தும் மீட்காது. வராமல் தடுப்பதுதான் வழி. தோட்டத்து மண்ணைக் குழித்தட்டில் போடாதீர்கள். சிறு குழியில் அது இறுகிவிடும், நோயையும் கொண்டுவரும். தென்னைநார்க்கழிவு 3 பங்கு, பெர்லைட் (மண்ணில் காற்றோட்டம் தரும் இலேசான வெள்ளைத் துகள்) 1 பங்கு, நன்கு மக்கிச் சலித்த மண்புழு உரம் 1 பங்கு கலந்துகொள்ளுங்கள். பழைய தட்டுகளைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்த பின் பயன்படுத்துங்கள். விதையை அரை செ.மீ. முதல் 1 செ.மீ. ஆழத்துக்குள் போடுங்கள். தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல், தட்டை நீருள்ள தாம்பாளத்தில் வைத்து உறிஞ்சவிட்டு, அரை மணி நேரத்தில் மிச்ச நீரைக் கொட்டிவிடுங்கள். மேல்மண் நிறம் வெளுத்த பிறகுதான் அடுத்த தண்ணீர். சிறு மின்விசிறி ஒன்றை மிக மெதுவாகச் சுழலவிட்டால் மேற்பரப்பு காயும், தண்டும் வலுப்படும். மண்ணைச் சுற்றிச் சின்னஞ்சிறு கறுப்பு ஈக்கள் பறந்தால் அது அதிக ஈரத்தின் அறிகுறி. மேல் 2 செ.மீ. காயவிடுவதும் மஞ்சள் ஒட்டும் அட்டை வைப்பதும் போதும்.

முளைத்ததும் முதலில் விரியும் வித்திலைகளுக்குப் பிறகு உண்மையான இலை இரண்டு வந்ததும் 8 முதல் 10 செ.மீ. தொட்டிக்கு மாற்றுங்கள். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். ஓர் இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் செடி போய்விடும். சற்று நீண்டுவிட்ட தக்காளி நாற்றை வித்திலை வரை மண்ணில் புதைக்கலாம், தண்டிலிருந்து வேர் விடும். மிளகாய் அவ்வளவு எளிதில் வேர் விடாது. அதைப் பழைய ஆழத்திலேயே நடுங்கள். நீரில் கரையும் உரத்தைக் குறித்த அளவில் பாதியாக, வாரம் ஒருமுறை கொடுத்தால் போதும்.

மே கடைசியில் இலை வெளுத்தது வெயில் காயம். கண்ணாடி புற ஊதாக் கதிரில் வீரியமான பி வகையின் (UV-B) பெரும்பகுதியைத் தடுத்துவிடும். விளக்கின் கீழும் அது இருக்காது. அங்கே வளர்ந்த இலை மென்மையானது. ஒரே நாளில் நேரடி வெயிலுக்கும் காற்றுக்கும் கொண்டுபோனால் கருகாமல் என்ன செய்யும்? 7 முதல் 10 நாள் பழக்க வேண்டும். முதல் நாள் காற்று தாக்காத நிழலில் 1 மணி நேரம், அடுத்த நாள் 2 மணி நேரம் என்று கூட்டி, நான்காம் நாளிலிருந்து காலை இளவெயில், அதன்பின் நண்பகல் வெயில் என்று கொண்டுபோங்கள். கடைசி இரண்டு இரவு வெளியிலேயே இருக்கட்டும், ஆனால் தக்காளிக்கு 10 டிகிரியும் மிளகாய்க்கு 13 டிகிரியும் குறையாத இரவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நாட்களில் சிறு தொட்டி விரைவில் காயும் என்பதால் காலையில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

இப்போது பீன்ஸ். காற்றின் சூட்டைப் பார்த்து ஊன்றியிருப்பீர்கள். விதைக்கு வேண்டியது மண்ணின் சூடு. குளிர்ந்த மண்ணில் பீன்ஸ் விதை குளிர்நீரை உறிஞ்சும்போது அதன் செல் சவ்வுகள் சேதமடைகின்றன. உள்ளிருக்கும் சர்க்கரை கசிகிறது, பூஞ்சை அதை உண்ண வருகிறது. மண் வெப்பமானி ஒன்று வாங்கி, காலை நேரத்தில் 10 செ.மீ. ஆழத்தில் மூன்று நாள் தொடர்ந்து பாருங்கள். பீன்ஸுக்கும் தக்காளி நடவுக்கும் 15 டிகிரியாவது வேண்டும், வெண்டைக்கு 18 முதல் 20 டிகிரி. ஊன்றுவதற்கு இரண்டு வாரம் முன்பே பாத்தியைக் கறுப்பு பிளாஸ்டிக் தாளால், மண்ணோடு ஒட்டும்படி மூடினால் சில டிகிரி முன்னதாகவே சூடாகும். மேட்டுப்பாத்தியும் வடிகால் நன்றாக இருப்பதால் விரைவில் சூடாகும். குளிர் மண்ணில் போடப்போகும் பீன்ஸை இரவு முழுக்க ஊறவைக்காதீர்கள்.

பட்டாணிக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. மண் 5 முதல் 7 டிகிரி தொட்டாலே பட்டாணி, பசலை (கொடிப்பசலை அல்ல, ஸ்பினாச்), முள்ளங்கி, லெட்டூஸ் விதைக்கலாம். உங்கள் கணக்கில் ஏப்ரல் முதல் பாதி. கேரட்டையும் கொத்தமல்லியையும் அதற்கு இரண்டு வாரம் கழித்துப் போடுங்கள். கையில் ஒரு பிடி மண்ணை அமுக்கி விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் வேலை செய்யலாம், உருண்டையாகவே இருந்தால் கிளறாதீர்கள். ஈர மண்ணைக் கிளறினால் கட்டியாகி அந்தப் பருவம் முழுக்கத் தொல்லை கொடுக்கும். பசலையும் கொத்தமல்லியும் பகல் நீண்டு வெயில் ஏறினால் குச்சிவிட்டுப் பூத்துவிடும். ஆகவே ஜூனில் அவற்றை விதைப்பது வீண். வசந்தத்துக்கு ஒன்று, கோடை முடிவுக்கு ஒன்று என இரண்டு விதைப்பாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

உறைபனி எச்சரிக்கை வந்தால் எப்படி மூடுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். மேகமில்லாத, காற்றில்லாத இரவுதான் ஆபத்து. அப்போது இலை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதனால் வானிலை அறிக்கை 2 டிகிரி என்றாலும் இலைமேல் உறைபனி படியலாம். மண்ணில் சேர்ந்த வெப்பத்தைப் பிடித்துவைப்பதுதான் மூடியின் வேலை. எனவே சூரியன் சாய்வதற்கு முன்பே, தரை வரை தொடும்படி துணியால் மூடுங்கள். தண்டோடு சேர்த்துக் கட்டினால் பயனில்லை. இலையைத் தொடும் பிளாஸ்டிக் தாள் தொட்ட இடத்திலேயே கருக வைக்கும். பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்றால் வளைவுக் கம்பி வைத்து அதன்மேல் போர்த்துங்கள். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். மெல்லிய உறைபனித் துணி 1 முதல் 3 டிகிரி வரைதான் காக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இலையுதிர்காலப் பயிரை ஜூலையிலேயே நினைக்க வேண்டும். விதைப் பொட்டலத்தில் உள்ள அறுவடை நாட்களோடு 14 நாள் கூட்டுங்கள். செப்டம்பரில் பகல் குறையக் குறைய வளர்ச்சியும் மெதுவாகும். 50 நாள் லெட்டூஸுக்கு 64 நாள், ஆக ஜூலை கடைசியில் விதைப்பு. பசலையும், கேல் என்னும் முட்டைக்கோஸ் இனக் கீரையும் இலேசான உறைபனியைத் தாங்குவதால் ஆகஸ்ட் நடுவிலும் போடலாம். சூடான மண்ணில் பசலையும் லெட்டூஸும் சரியாக முளைக்காது என்பதால் மாலையில் விதைத்து, முளைக்கும் வரை நிழல் கொடுங்கள். பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். வடக்கே 45 டிகிரி அட்சரேகையில் நவம்பர் தொடக்கம் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை இந்த நிலைதான். அதற்குள் செடி முழு அளவை எட்டியிருந்தால், துணிக்கடியில் நின்றபடியே பறித்துக்கொண்டிருக்கலாம். குளிர் பட்ட கேரட்டும் கேலும் சர்க்கரையைச் சேர்ப்பதால் சுவை கூடும்.

முதல் உறைபனிக்கு முந்தைய நாள் தக்காளிக் காய்களைப் பறித்துவிடுங்கள். பளபளப்பும் வெளிர்பச்சையும் வந்த காய் 18 முதல் 21 டிகிரியில் பழுக்கும்; வெளிச்சம் தேவையில்லை. தண்ணீர்க் குழாய்களை வடித்துவையுங்கள், மண் தொட்டிகளைக் காலி செய்து உள்ளே எடுங்கள், ஈர மண் உறைந்தால் தொட்டி வெடித்துவிடும். தரை உறைந்து இறுகுவதற்குச் சுமார் 4 வாரம் முன்பு பூண்டுப் பற்களை 5 செ.மீ. ஆழத்தில், 12 முதல் 15 செ.மீ. இடைவெளியில், கூர்முனை மேலே இருக்குமாறு ஊன்றி, தரை குளிர்ந்ததும் 10 செ.மீ. வைக்கோல் மூடாக்கு போடுங்கள். குளிர் பட்டால்தான் பற்கள் பிரியும். அடுத்த கோடையில் அடி இலைகள் மூன்றில் ஒரு பங்கு காய்ந்ததும் தோண்டலாம்.

இனிக் கறிவேப்பிலை. இரவு 13 டிகிரிக்குக் குறையும் முன்பே உள்ளே கொண்டுவர வேண்டும். அதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் பாருங்கள். செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ இருந்தால் பழந்துணியால் துடைத்து, லிட்டர் நீருக்கு 5 மி.லி. மென்மையான திரவச் சோப்பு கலந்து தெளித்து, சற்று நேரம் கழித்து நல்ல நீரில் அலசுங்கள். நண்பகல் வெயில் விழும் சன்னல் அருகே, இலை குளிர்ந்த கண்ணாடியைத் தொடாமல், வெப்பக் கருவியிலிருந்து விலகி வையுங்கள். வறண்ட சூட்டில் சிலந்திப்பேன் பெருகும். வாரம் ஒருமுறை இலைகளை நீரில் அலசினால் அடங்கும்.

இலை கொட்டினால் பயப்பட வேண்டாம். வெளிச்சம் குறைந்தால் அது ஓய்வுக்குப் போகிறது. நகத்தால் தண்டின் தோலை லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிரோடு இருக்கிறது. இலை விழுவதைப் பார்த்துத் தண்ணீரையும் உரத்தையும் கூட்டுவதுதான் செடியைக் கொல்கிறது. இலையில்லாத செடி நீரை உறிஞ்சாது, வேர் அழுகும். மேல் 5 செ.மீ. மண் காய்ந்த பிறகே தண்ணீர், வசந்தம் வரை உரமே வேண்டாம். எல்இடி விளக்கு 12 மணி நேரம் கொடுத்தால் பாதி இலைகளையாவது தக்கவைக்கலாம். மார்ச்சில் துளிர் தெரிந்ததும் நுனியைக் கிள்ளி, வேர் நிறைந்திருந்தால் 5 செ.மீ. மட்டுமே அகலமான தொட்டிக்கு மாற்றி, துளிர் விரிந்த பின் உரத்தைத் தொடங்குங்கள். புது இலை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக வந்தால் அது இரும்புச் சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த குழாய் நீர் பெரும்பாலும் காரணம். மழைநீர் ஊற்றி, செடி எளிதில் உறிஞ்சக்கூடிய கீலேட் வடிவ இரும்பைப் பொட்டலத்தில் குறித்த அளவில் கொடுங்கள். வெளியே எடுக்கும்போது இதையும் நாற்றைப் போலவே 10 நாள் பழக்க வேண்டும்.