ஓதம் ஏறிய அறையில் உணவைச் சேமிக்கலாமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் செங்கல் சுவரும் சிமென்ட் தரையுமாக ஒரு தனி அறை இருக்கிறது. அவசரத் தேவைக்கான தானியத்தையும் டின் உணவையும் அங்கே வருடக்கணக்கில் வைக்க நினைக்கிறேன். ஆனால் உள்ளே ஓத வாடை அடிக்கிறது. ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் நீர்புகாப் பெயின்டும் வாங்கினால் போதும் என்கிறார் கடைக்காரர். எதை முதலில் வாங்குவது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஈரம் வரும் வழியை அடைக்காவிட்டால் இயந்திரம் ஓயாமல் ஓடும், மின்கட்டணம்தான் ஏறும். உள்சுவரில் பெயின்ட் அடித்தாலும் பின்னால் தேங்கும் நீர் அதைச் செதில் செதிலாக உரித்துவிடும்.

ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர் கோத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. கனமான பாலிதீன் விரித்து அதன்மேல் புதுத் தளம் போட வேண்டியிருக்கும். மேல்புறம் நனைந்திருந்தால், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தரையில் படிகிறது. அதற்குக் காற்றோட்டம் உதவும். ஆனால் வெளிக்காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறந்தால் நிலைமை மோசமாகும்.

சுவரடியில் மட்டும் ஓதம் என்றால் வெளியே போய்ப் பாருங்கள். கூரைத் தண்ணீர் அங்கேயே விழுகிறதா? வெளிமண் உள்தரையைவிட உயர்ந்து கிடக்கிறதா? பல வீடுகளில் ஒரு தகரக் குழாயும் மண்வெட்டியும் செய்கிற வேலைக்குத்தான் இயந்திரத்தை விற்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஈரம் மிஞ்சினால் இயந்திரம் வாங்கலாம். அறை குளிர்ச்சியானது என்றால் கம்ப்ரஸர் வகை திணறும். ஈரம் உறிஞ்சும் வேதிப்பொருளால் இயங்கும் வகையைக் கேளுங்கள்.

தானியத்தைச் சாக்கில் வைக்காதீர்கள். அலுமினியப் படலப் பையில் அடைத்து, மூடியுள்ள வாளிக்குள் வையுங்கள். பையை மட்டும் நம்பினால் எலி கடித்துவிடும். ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலத்தை, ஈரம் 10 சதவீதத்துக்கு மேற்படாத, நன்கு உலர்ந்த பொருளோடு மட்டுமே போடுங்கள். ஈரமான பொருளில் காற்று இல்லாதபோது உயிருக்கே ஆபத்தான பாட்டுலிசம் கிருமி வளரக்கூடும். டின்கள் துருப்பிடிக்கும் என்பதால் தரையிலும் சுவரிலும் படாமல் அலமாரியில் இருக்கட்டும். கூரை வெயிலில் கொதிக்கிறதென்றால், அறை எவ்வளவு உலர்ந்திருந்தாலும் உணவின் ஆயுள் குறையும்.

இன்றே வாங்க வேண்டியது ஓர் ஈரப்பதமானி மட்டும். அதை அறைக்குள் வைத்து ஒரு மழைக்காலம் முழுவதும் கவனியுங்கள். அளவு 60 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் உணவை அங்கே மாற்றலாம். 70-க்கு மேலேயே நீடித்தால் பூஞ்சை பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை வீட்டுக்குள் கட்டிலடியே போதும்.