சீனமும் மலையாளமும்: வரைபடத்தின் நிறங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். என் மகளின் பள்ளிச் செயல்திட்டத்துக்காக உலக மொழிகளின் வரைபடம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் சீன நாடு முழுவதும் ஒரே சிவப்பாக இருந்தது. மலையாளம் மேற்குக் கரையோரம் மெல்லிய பச்சைக் கீற்றாக மட்டுமே தெரிந்தது. பொள்ளாச்சியில் வாழும் எங்களுக்கு அன்றாடம் காதில் விழும் மொழி அது. மலையாளம் ஒரு மாநிலத்துக்குள் ஒடுங்கிய மொழி, சீனம் உலகெங்கும் பரவிய மொழி என்று மகள் எழுதலாமா?

வாசகர், பொள்ளாச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அப்படி எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் பார்த்த வரைபடம் இரண்டு மொழிகளையும் இரு வேறு அளவுகோல்களால் அளந்திருக்கிறது. மலையாளம் என்னும்போது நாம் ஒரு மொழியைச் சொல்கிறோம். சீனம் என்னும்போது ஒரே எழுத்துமுறையின் கீழ் வாழும் ஒரு மொழிக்கூட்டத்தைச் சொல்கிறோம். பெய்ஜிங்கில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு குவாங்சோவின் காண்டனீயப் பேச்சோ, ஃபூஜியன் கரையின் மின் பேச்சோ, ஷாங்காயின் வூ பேச்சோ கற்காமல் விளங்குவதில்லை. சீன அரசு இவற்றை வட்டார வழக்குகள் என்கிறது. மொழியியலாளர் பலர் தனித்தனி மொழிகளாகவே கொள்கின்றனர். சீன எழுத்தைப் போல ஒலியை நேராகக் காட்டாத ஒரே குறியை நாம் 'வந்தான்' என்றும் மலையாளிகள் 'வந்நு' என்றும் வாசிக்கும் வழக்கம் இருந்து, இரு நிலங்களும் ஒரே பேரரசின் கீழ் நீண்ட காலம் கிடந்திருந்தால், தமிழும் மலையாளமும்கூட அந்த வரைபடத்தில் ஒரே நிறம் பெற்றிருக்கும்.

எழுத்து எவ்வளவு தூரம் இதைத் தீர்மானிக்கிறது என்பதற்கு துங்கான் மக்களைச் சான்றாகச் சொல்வேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடமேற்குச் சீனத்திலிருந்து தப்பிச் சென்று, இன்றைய கிர்கிஸ்தானிலும் கஸகஸ்தானிலும் குடியேறிய முஸ்லிம்கள் அவர்கள். அவர்கள் பேசுவது, பெய்ஜிங் உள்ளிட்ட வடசீனத்தின் மொழியான மாண்டரினின் ஒரு கிளைதான். ஆனால் சோவியத் காலத்தில் அதற்கு ரஷ்ய எழுத்து அமைந்துவிட்டதால் அது தனி மொழியாக எண்ணப்படுகிறது.

சிவப்பாகத் தீட்டப்பட்ட நிலத்தையும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். சீனத்தின் பரப்பு ஏறத்தாழ 96 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் திபெத்தும் சின்ஜியாங்கும் மட்டுமே மூன்றில் ஒரு பங்கை நெருங்குகின்றன. அங்கே மண்ணின் மொழிகள் திபெத்தியமும் உய்குரும். சீனம் ஆட்சியோடும் குடியேற்றத்தோடும் பின்னர் பரவிய மொழி. 38,863 சதுர கிலோமீட்டர் கேரளத்தின் பச்சையும் கலப்பற்றதன்று. காசர்கோட்டில் துளுவும் கன்னடமும் உண்டு. பாலக்காட்டுச் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் தமிழ் உண்டு. நம் பக்கம் விளவங்கோட்டிலும் கூடலூரிலும் மலையாளம் ஒலிக்கிறது. லட்சத்தீவில் மலையாளத்தின் ஒரு வழக்கான ஜெசரி பேசப்படுகிறது, மினிக்காய் தீவில் மட்டும் மாலத்தீவுகளின் மொழியோடு ஒன்றான மஹல்.

ஆகவே நியாயமான ஒப்பீடு வேண்டுமானால், மலையாளத்தின் அருகே சீன மொழிகளில் ஒன்றைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். நான் ஹக்காவை வைப்பேன். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் 3.48 கோடிப் பேர். ஹக்கா பேசுவோர் ஏறத்தாழ 4 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். எண்ணிக்கையில் இவ்வளவு நெருங்கிய இரு மொழிகளின் நிலை எவ்வளவு வேறுபட்டது! குவாங்டொங், ஃபூஜியன், ஜியாங்சி மாகாணங்கள் சந்திக்கும் மலைப்பகுதியே ஹக்காவின் தாயகம். ஆனால் எந்த மாகாணமும் அதற்குச் சொந்தமில்லை. அங்கிருந்து கிளம்பியவர்கள் தைவான், மலேசியா, இந்தோனேசியா வரை பரவினார்கள். கொல்கத்தாவின் தங்கராவில் தோல் பதனிடும் தொழில் நடத்திய சீனர்களும் பெரும்பாலும் ஹக்காக்களே. இத்தனை பரவியும் அந்த மொழிக்குத் தேசிய மொழி என்ற தகுதியைச் சட்டத்தால் அளித்தது தைவான் மட்டுமே, அதுவும் 2017 இறுதியில் செய்த திருத்தத்தால்.

இந்த வேறுபாட்டை 1956ஆம் ஆண்டோடு இணைத்துப் பார்ப்பது எனக்கு வழக்கம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் சீன அரசு பெய்ஜிங் ஒலிப்பை அடிப்படையாகக் கொண்ட பொதுமொழியை நாடெங்கும் பரப்ப ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் திருவிதாங்கூர்-கொச்சியின் பெரும்பகுதியும், மலபாரும், காசர்கோடும் இணைந்து கேரளம் உருவானது. அங்கே மாகாணங்கள் ஒரு மொழியை நோக்கித் திருப்பப்பட்டன, இங்கே மாநிலத்தின் எல்லை மொழியை ஒட்டித் திருத்தப்பட்டது. மலையாளத்துக்குச் சட்டமன்றமும் பள்ளியும் கிடைத்ததை ஒடுங்கியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடல் கடந்த பரவலிலும் இதே கவனம் தேவை. தென்கிழக்காசியாவுக்குச் சென்ற சீனர்கள் பெரும்பாலும் மாண்டரினை எடுத்துச் செல்லவில்லை. மின் பேச்சின் கிளைகளான ஹொக்கியன், தியோச்சியூ ஆகியவற்றையும் காண்டனீயம், ஹக்கா ஆகியவற்றையுமே கொண்டுசென்றார்கள். பினாங்கின் கோப்பிக்கடைகளில் நான் இன்றும் கேட்டது ஹொக்கியன். சிங்கப்பூரில் 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியது. 1980இல் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஒலித்த இந்தப் பேச்சுமொழிகளை, 2020 கணக்கெடுப்பில் வீட்டில் முதன்மையாகப் பேசியவர்கள் 8.7 விழுக்காடு மட்டுமே. பாட்டியும் பேரனும் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசும் நிலைக்கு வந்த குடும்பங்களை நினைக்கையில் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. வளைகுடாவுக்குச் சென்ற மலையாளிகளின் வழி வேறு. அங்கே குடியுரிமை எளிதில் கிடைப்பதில்லை. ஊருக்குத் திரும்பும் நாளை எண்ணியே வாழ்கிறார்கள். அதனால் மொழி அறுபடாமல் நிற்கிறது. 2018இன் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு வெளிநாட்டில் வாழும் கேரளத்தவரை ஏறத்தாழ 21 லட்சம் என்று மதிப்பிட்டது.

உங்கள் மகள் வரைபடத்தைத் தானே வரையட்டும். சீனத்தின் தென்கிழக்குக் கரையை நான்கைந்து நிறங்களாகப் பிரித்து, மேற்கே திபெத்தியத்துக்கும் உய்குருக்கும் தனி நிறம் கொடுக்கட்டும். மலையாளப் பச்சையைப் பாலக்காட்டுக் கணவாயில் திடீரென நிறுத்தாமல் பொள்ளாச்சி வரை கோடுகளாக நீட்டட்டும். மினிக்காய்க்கு வேறு நிறத்தில் ஒரு புள்ளி வைக்கட்டும். வரைந்து முடித்ததும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள்.

அன்புடன்.