கருந்திட்டை விடுங்கள், அரிப்பைச் சொல்லுங்கள்

கேள்வி: நான் 32 வாரக் கர்ப்பிணி. கன்னமெல்லாம் கருந்திட்டு, வயிற்றின் நடுவே கறுப்புக் கோடு, தொடையில் வரி வரியாகத் தழும்பு. இது குழந்தைக்கும் வரும் என்று இணையத்தில் படித்தேன். வீடியோவில் சொன்ன க்ரீமைப் போடுகிறேன். ராத்திரியில் உள்ளங்கையும் உள்ளங்காலும் கொஞ்சம் அரிக்கின்றன. தூக்கம்தான் போகிறது.

பதில்: வராது. திட்டும் கோடும் ஹார்மோன் செய்யும் வேலை, பிரசவத்துக்கு அப்புறம் மெல்ல மங்கும். தழும்பு வெளிறும், முழுசாக மறையாது. அந்த க்ரீமை இன்றோடு நிறுத்துங்கள். முகத்தை வெளுப்பாக்கும் க்ரீம் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், சிலவற்றில் கர்ப்பிணிகள் தொடவே கூடாத டிரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகை மருந்தும் இருக்கும். வீடியோ போட்டவருக்கு நீங்கள் எத்தனை மாதம் என்று தெரியுமா? வெயிலுக்கு சன்ஸ்கிரீன் போட்டால் போதும்.

கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த அரிப்புதான் எனக்கு உறுத்துகிறது. வயிறு இழுபட்டு அரிப்பது சாதாரணம். தழும்பை ஒட்டிச் சிவப்பாகத் தடித்து அரிப்பதும் உண்டு, அதனாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தோலில் ஒரு பொரிகூட இல்லாமல், சொறிந்த நகக்கீறல் மட்டும் தெரிய, உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரித்தால் நான் சந்தேகப்படுவது கல்லீரலை. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் சரியாக வடியாமல், அதிலுள்ள பித்த அமிலம் ரத்தத்தில் சேர்ந்திருக்கலாம். தாய்க்குப் பெரும்பாலும் அரிப்போடு போய்விடும், பிரசவமானதும் அதுவும் அடங்கும். குழந்தைக்குத்தான் சிக்கல்: குறைப்பிரசவம் ஆகலாம். பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்தும் கூடுகிறது.

அதனால் நாளைக்கே உங்கள் மருத்துவரிடம் போய், பித்த அமிலம், கல்லீரல் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. ‘ஸ்கேன் நார்மல்’ என்பது இதற்குப் பதில் ஆகாது. ரத்தம் நார்மல் என்று வந்தும் அரிப்பு நிற்கவில்லையா? ஓரிரு வாரத்தில் திரும்ப எடுக்க வேண்டும், ஏனென்றால் சிலருக்கு அரிப்பு முதலில் வரும், அளவு பின்னால்தான் ஏறும். பிரசவத்தை எந்த வாரத்தில் வைப்பது என்பதே அந்த அளவைப் பார்த்துத்தான் முடிவாகும்.

நீங்களாகவே அரிப்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். தூக்கம் வரும், பித்த அமிலம் இறங்காது. கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர் நிறமாகப் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தையின் அசைவு குறைந்தால் விடியட்டும் என்றுகூடக் காத்திருக்காதீர்கள்.