மார்ஷல் அணியின் 1971: கேள்வி பதில்

கே: அமெரிக்காவின் மார்ஷல் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் 1971 பருவத்தை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

ப: 1970 நவம்பர் 14 அன்று கிழக்குக் கரோலினா பல்கலைக்கழக அணியிடம் 17–14 என்று தோற்றுத் திரும்பிய அணியின் விமானம், பல்கலைக்கழகம் இருக்கும் மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டன் அருகே தரையிறங்கும்போது விழுந்தது. 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களில் 37 பேர் ஆட்டக்காரர்கள். தலைமைப் பயிற்சியாளர் ரிக் டாலியும் இறந்தார். பத்தே மாதத்தில் அதே பெயரில் ஓர் அணி களமிறங்கியது.

கே: ஆளே இல்லாமல் எப்படி?

ப: முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு மார்ஷலுக்கு விலக்கு தந்தது. புதுப் பயிற்சியாளர் ஜாக் லெங்கெல், பள்ளி முடித்து வந்த பிள்ளைகளையும், காயத்தால் அந்தப் பயணத்துக்குப் போகாத நேட் ரஃபின் போன்ற சிலரையும் சேர்த்து அணி கட்டினார். கையிலிருந்த ஆட்களுக்கு ஏற்ற 'வியர்' ஆட்டமுறையை (பந்தோடு ஓடுவதையே பெரிதும் நம்பும் முறை) மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பாபி பௌடனிடம் போய்க் கற்றுவந்தார். போட்டி அணியிடம் கேட்கிறோமே என்று அவர் தயங்கவில்லை, பௌடனும் மறைக்கவில்லை.

கே: கையால் ஆடுவது எப்படி ஃபுட்பால்?

ப: இது அமெரிக்க ஃபுட்பால். கால்பந்து வேறு.

கே: சேவியர் பல்கலைக்கழகத்தோடு ஆடிய ஆட்டத்தின் கடைசி நொடியைச் சொல்லுங்களேன்.

ப: எனக்குப் பிடித்த கேள்வி! செப்டம்பர் 25, ஃபேர்ஃபீல்டு மைதானம். முந்தைய வாரம்தான் மோர்ஹெட் அணி மார்ஷலை 29–6 என்று வென்றிருந்தது. இங்கேயும் 13–9 என்று சேவியர் முன்னிலை. இன்னும் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் நேரம் மிச்சம். மார்ஷலின் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) ரெஜி ஆலிவர் பந்தோடு வலப்பக்கம் ஓடினார், தடுப்பவர்களும் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். சட்டென்று திரும்பி இடப்பக்கம் சக ஆட்டக்காரர் டெர்ரி கார்ட்னருக்கு வீசினார். கார்ட்னர் புள்ளி தரும் கோட்டைத் தாண்டும்போது நேரம் முடிந்திருந்தது. மார்ஷலுக்கு 15–13 வெற்றி.

கே: இந்தக் கதையை வைத்து எடுத்த 'வீ ஆர் மார்ஷல்' படத்தில் வருவதெல்லாம் நடந்ததா?

ப: 2006இல் வந்த படத்தை நம்பித் தேதியோ வசனமோ எடுக்காதீர்கள். அது சினிமா.

கே: மொத்தம் 2 வெற்றி, 8 தோல்வி. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

ப: அந்த இரண்டாவது வெற்றி பவுலிங் கிரீனை 12–10 என்று வென்றது. பெரிய அணிகளின் மூன்றாம், நான்காம் ஆண்டு ஆட்களோடு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மோதினார்கள். அதை மறந்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள்.

கே: அதைத்தான் கேட்கிறேன். சின்னப் பிள்ளைகளை அடி வாங்க அனுப்பியது சரியா? ஒரு வருஷம் நிறுத்தியிருக்கலாமே?

ப: நியாயமான கேள்வி. அன்றே பல்கலைக்கழகத்தில் அணியை மூடிவிடலாம் என்ற பேச்சு இருந்தது. ஆடவேண்டும் என்று நின்றவர்களில் மாணவர்களே முன்னால் இருந்தார்கள், அதனால் ஆடியது சரி என்பேன். ஆனால் எல்லாருக்கும் அது மருந்தாகவில்லை. உதவிப் பயிற்சியாளர் ரெட் டாசன், அணிக்குப் புது ஆட்டக்காரர்களைத் தேடும் வேலையாகக் காரில் போனதால் தப்பியவர். 1971 முழுக்கப் பிள்ளைகளோடு நின்றார். பருவம் முடிந்ததும் பயிற்சித் தொழிலையே விட்டுவிட்டார். அவரைப் பார்த்தால் உங்கள் பக்கமும் எனக்குப் புரிகிறது.

கே: படம் உண்மைக் கதைதானே?

ப: மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள்.

கே: ஹண்டிங்டன் போனால் எதைப் பார்க்கலாம்?

ப: ஸ்பிரிங் ஹில் கல்லறை. அடையாளம் தெரியாத ஆறு பேரை அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். அப்புறம் வளாகத்தின் நினைவு நீரூற்று. ஒவ்வொரு நவம்பர் 14 அன்றும் அதை நிறுத்துவார்கள், வசந்தம் வரும்வரை அதில் தண்ணீர் வராது.